ஹெடரில் ஈரம் இருக்கும்வரை ஃபோம் அடிக்க விடாதீர்கள்

கேள்வி: வணக்கம் அண்ணை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1962இல் கட்டின, மாடியில்லாத செங்கல் பங்களோ ஒன்றை மூன்று வருடத்துக்கு முதல் வாங்கினோம். வின்ரர் வந்தால் குசினி நிலத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பேஸ்மென்ற்றில் அம்மா இருக்கிறா. அவவுக்கென்று கீழே ஒரு சின்னக் குசினியும் உண்டு. போன மாதம் கீழே சீலிங் ரைல்களைக் கழற்றிப் பார்த்தோம். சுவரோரமாகக் குளிருக்கு அடைத்திருந்த பிங்க் இன்சுலேசன் (கண்ணாடி நார்ப் பஞ்சு) கறுத்துப்போய், சில இடங்களில் நனைந்தும் இருந்தது. பின்கதவுக்கு நேர் கீழே, வெளியில் டெக் (மரத் தளம்) பூட்டியிருக்கிற இடத்தில், மரத்தில் ஸ்க்ரூட்றைவரால் குத்தினால் உள்ளே போகிறது. அந்தப் பக்கம் மேலே நடந்தால் நிலம் கொஞ்சம் ஆடுகிறது. ஒரு கொன்றாக்ரர் வந்து பார்த்துவிட்டு, சுற்றிவர ஸ்ப்ரே ஃபோம் (விசிறினால் நுரைத்து இறுகுகிற இன்சுலேசன்) அடித்தால் ஒரே நாளில் எல்லாம் சரி என்கிறார். என் கணவர், காசு எதற்கு, புதுப் பிங்க் வாங்கி நானே அடைக்கிறேன் என்கிறார். எது சரி?

அன்புள்ள தங்கச்சிக்கு,

இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். ஃபோம் அடிக்கிறவரிடம் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்றால் வைக்காதீர்கள். வைத்துவிட்டீர்கள் என்றால் நாளைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது குளிர்ப் பிரச்சினை மட்டுமல்ல. பின்கதவையும் குசினி நிலத்தின் ஒரு பகுதியையும் உக்கிய மரம் ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் ஃபோமை அடித்தால் உக்கல் நிற்காது, கண்ணில் படாமல் மட்டும் போகும். ஃபோம் மரத்தோடு ஒட்டிப் பிடித்துவிடும். பிறகு அந்த மரத்தை மாற்ற வருகிற தச்சர் முதலில் ஃபோமைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.

நீங்கள் குத்திப் பார்த்த மரத்துக்கு றிம் ஜொயிஸ்ற் என்று பெயர். இங்கே வேலை செய்கிறவர்கள் ஹெடர் என்றும் சொல்வார்கள். அத்திவாரச் சுவரின் தலையில் படுக்கையாகக் கிடக்கிற மரம் சில் பிளேற். அதன்மேல் ஜொயிஸ்ற்றுகள், அதாவது நிலத்தைத் தாங்குகிற மரச் சட்டங்கள், வழக்கமாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக, வரிசையாக வந்து உட்கார்கின்றன. அந்த முனைகளை மூடிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடுகிற பலகைதான் றிம். மேல் நிலத்தின் பாரமும், அநேகமான வீடுகளில் சுவரின் பாரமும் கூரையின் பாரமும் இந்த ஓரத்தின் வழியாகத்தான் அத்திவாரத்துக்கு இறங்குகின்றன.

அந்தப் பலகையின் தடிப்பு ஒன்றரை அங்குலம்தான். வெப்பத் தடுப்பை ஆர் என்ற அளவால் சொல்வார்கள், எண் கூடினால் தடுப்பும் கூடும். ஒரு அங்குல மரத்துக்கு ஏறத்தாழ ஆர்-1.25, ஆகவே முழுப் பலகைக்கும் ஆர்-2 கூட முழுதாக வராது. நாற்பதுக்கு இருபத்தைந்து அடி பங்களோ என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 130 அடி. பத்து அங்குல உயரத்தால் பெருக்கினால் நூறு சதுர அடிக்கு மேல் வருகிறது. வெளிச் செங்கல்லையும் சேர்த்து ஆர்-4 என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், வெளியில் மைனஸ் 14, உள்ளே 21 இருக்கிற ஒரு நாளில் இந்த ஒடுங்கிய ஓரத்தால் மட்டும் 450 வாட்டுக்கு மேல் வெப்பம் இரவும் பகலும் வெளியேறும். அது மரத்தை ஊடுருவிப் போகிற வெப்பத்தின் கணக்கு. நீக்கல்களால் நுழைகிற காற்று அந்தக் கணக்கில் இல்லை. உங்கள் காலைக் குளிரவைப்பது பெரும்பாலும் அந்தக் காற்றுத்தான்.

வின்ரரில் வீட்டுக்குள் இருக்கிற சூடான காற்று இலேசானது. அது மேலே எழும்பி, முகட்டில் இருக்கிற ஓட்டைகள், மின்விளக்குத் துவாரங்கள், கூரைக்கு அடியிலுள்ள அற்றியின் கதவு என்று கிடைத்த வழியால் வெளியேறும். போன காற்றுக்குப் பதிலாக அடியிலிருந்து குளிர்காற்று உள்ளே வரும். சில் பிளேற்றுக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையிலுள்ள நீக்கல், வெளித் தண்ணீர்க் குழாய் போகிற துளை, கேபிள் துளை, ட்றையர் குழாயின் ஓரம் எல்லாம் அதற்குத் திறந்த வாசல். 1962இல் சில் பிளேற்றின் அடியில் காற்றுத் தடுப்புப் பட்டை வைப்பது வழக்கமாக இருக்கவில்லை. காற்றுள்ள ஒரு நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி றிம்மின் ஓரமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். புகை எங்கே குழம்புகிறதோ அங்கே அடையாளம் போடுங்கள். பிங்க்கைத் தள்ளி வைத்துவிட்டு, நெருப்புப் படாமல் கவனமாகச் செய்யுங்கள்.

உங்கள் கணவர் நினைப்பதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பிங்க் காற்றை மறிக்காது. காற்றடிக்கிற வெளியில் ஸ்வெற்றர் மட்டும் போட்டுக்கொண்டு நிற்பது எப்படியோ, அப்படித்தான் றிம்மில் பிங்க் மட்டும் இருப்பது. அது கறுத்ததற்குக் காரணம் பூஞ்சணம் மட்டும் அல்ல. வருடக்கணக்காகக் காற்றை வடிகட்டியதில் ஒட்டிய தூசியும் உண்டு. இன்னொரு கெடுதலையும் அது செய்கிறது. வீட்டின் சூடு றிம்மைத் தொடாமல் தடுத்து, மரத்தை இன்னும் குளிராக்கிவிடுகிறது. ஆனால் வீட்டின் ஈரக்காற்று பிங்க்குக்குள்ளால் தாராளமாகப் போய் அந்தக் குளிர்ந்த மரத்தில் படுகிறது. 21 பாகையில் 40 சதவீத ஈரப்பதன் உள்ள காற்று, 7 பாகைக்குக் குறைந்த எந்த மேற்பரப்பில் பட்டாலும் தண்ணீராகப் படியும். ஈரப்பதன் 55 என்றால் 12 பாகையிலேயே படியத் தொடங்கும். ஜனவரியில் உங்கள் றிம் அதைவிட எவ்வளவோ குளிர்.

இங்கே அம்மாவின் குசினியைப் பற்றிக் கேட்கவேண்டும். எங்கள் ஆட்களின் பல வீடுகளில் பேஸ்மென்ற்றில் இரண்டாவது குசினி உண்டு. சோறு வடிக்கிற ஆவி, பிட்டு அவிக்கிற ஆவி, வின்ரரில் கொடி கட்டி உலர்த்துகிற உடுப்பு எல்லாம் அந்த ஒரே தளத்தில்தான் சேர்கின்றன. அடுப்புக்கு மேல் இருக்கிற ஃபான் காற்றை வெளியில் தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி ஒன்றுக்குள்ளால் இழுத்துத் திரும்பவும் அறைக்குள்ளேயே விடுகிறதா? இரண்டாவது என்றால் ஆவியைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம். இரும்புக் குழாய் போட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். அந்தக் குழாயும் றிம்மைத் துளைத்துத்தான் போகும் என்பதால் ஃபோம் வேலைக்கு முன்னமே அதைச் செய்து முடியுங்கள். ஈரப்பதன் மானி ஒன்று வாங்கிக் கீழே வையுங்கள், விலை அதிகமில்லை. கடும் குளிர் நாட்களில் 30, 35 சதவீதத்தில் வைத்திருக்கப் பாருங்கள். இதைச் சொல்வது அம்மாவைச் சமைக்கவேண்டாம் என்பதற்காக இல்லை. ஆவி போக வழி செய்துகொடுப்பது எங்கள் கடமை.

இனி உக்கிய இடத்துக்கு வருவோம். சுற்றிவர இருக்கிற இலேசான கறுப்பும் ஈரமும் உள்ளே இருந்து வருகிற ஆவியால் வந்தவை. பின்கதவின் கீழே ஸ்க்ரூட்றைவர் இறங்குகிற அளவுக்கு மரம் உக்கியதற்கு அது மட்டும் போதாது. அங்கே வெளியிலிருந்து மழைத்தண்ணீர் வருகிறது. இப்படியான வீட்டில் நான் முதலில் சந்தேகிப்பது டெக்கைத்தான். டெக்கின் ஒரு பக்கத்தைத் தாங்குவதற்காக வீட்டோடு சேர்த்து ஒரு பலகையைப் போல்ற் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்தப் பலகைக்கு மேலே தண்ணீரை வெளியே தள்ளுகிற தகடு இல்லாவிட்டால், மழையும் உருகும் பனியும் பலகைக்குப் பின்னால் இறங்கி, போல்ற் துளை வழியாக நேரே றிம்முக்குப் போகும். டெக்கில் குவிந்த பனி கதவுநிலையில் முட்டிக்கொண்டு கிடந்தால் கதவின் அடியாலும் தண்ணீர் நுழையும். கதவின் அடிக்கட்டை ஓரமாகக் குசினி நிலத்தை அமத்திப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் அதுவும் உக்கிவிட்டது. பீலியிலிருந்து இறங்கும் குழாய் அந்த மூலையில் கொட்டுகிறதா, பூப்பாத்திக்கு மண் கொட்டிக் கொட்டி மண்மட்டம் செங்கல்வரை ஏறிவிட்டதா என்பதையும் வெளியே போய்ப் பாருங்கள். மரம் இருக்கிற மட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையில் குறைந்தது ஆறு அங்குலம், முடிந்தால் எட்டு, இடைவெளி வேண்டும்.

டெக்கைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. உங்கள் சுவர் மரச்சட்டத்துக்கு முன்னால் ஒரு வரிசைச் செங்கல் நிற்கிற சுவர் என்றால், டெக்கை அந்தச் செங்கலில் தொங்கவிடவே கூடாது. அந்தச் செங்கல் தன் பாரத்தைத் தான் சுமந்துகொண்டு நிற்பதற்கு மட்டும்தான். டெக்கைக் கழற்றி, வீட்டுப் பக்கமும் தனித் தூண் போட்டு, சுவரைத் தொடாமல் தன் காலில் நிற்கிற டெக்காக மாற்றுங்கள். செலவு கூடத்தான். ஆனால் றிம்மைத் துளைக்கிற போல்ற்றே இல்லாமல் போய்விடும்.

அது எந்தச் சுவர் என்பதைக் கண்டுபிடிப்பது பின்னால் வருகிற வேலைக்கும் முக்கியம். வெளியே நின்று செங்கல் வரிசைகளைப் பாருங்கள். எல்லாச் செங்கல்லும் நீளவாட்டில் கிடந்து, அடிவரிசையில் அங்கங்கே சாந்து வைக்காமல் விட்ட சிறு துவாரங்களும் இருந்தால் அநேகமாக ஒற்றை வரிசைச் செங்கல். ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை, முழு வரிசையோ இடையிடையேயோ, செங்கல்லின் குட்டைப் பக்கம் முகம் காட்டினால் அது முழுக் கட்டுச்சுவர். அப்படியான வீடுகளில் ஜொயிஸ்ற் முனைகள் சுவருக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும்; நான் மேலே சொன்ன மாதிரி றிம் பலகையே இராது. அந்தச் சுவர் இதுவரை வீட்டின் சூட்டால் உலர்ந்துகொண்டு வந்தது. உள்ளே தடிப்பாக ஃபோம் அடித்தால் செங்கல் குளிர்ந்து, ஈரமாகவே இருந்து, செருகிய மரமுனைகள் அங்கேயே உக்கலாம். உங்கள் வீட்டில் றிம் பலகை தெரிகிறது என்பதால் பின்பக்கமாவது மரச்சட்டம் என்று நினைக்கிறேன். மற்றப் பக்கங்களையும் பார்த்துவிடுங்கள். எங்கேயாவது கட்டுச்சுவர் என்றால் அந்தப் பக்கத்தில் ஜொயிஸ்ற்றைச் சுற்றிக் காற்று வழிகளை அடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்துக்கு ஒரு கட்டடப் பொறியியலாளரிடம் கேளுங்கள்.

உக்கிய மரத்தை மாற்றுவது எப்படி என்று ஓரளவு தெரிந்திருந்தால் வருகிற ஆள் சரியாகச் செய்கிறாரா என்று உங்களால் பார்க்க முடியும். முதலில் எவ்வளவு தூரம் உக்கியிருக்கிறது என்று அளக்கவேண்டும். கறுப்பு நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கறுத்திருந்தும் இரும்பு மாதிரிக் கெட்டியான மரம் உண்டு, வெளியே நல்ல நிறமாக இருந்து உள்ளே பஞ்சாகிப்போன மரமும் உண்டு. கூரான ஊசியால் ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை குத்திப் பார்க்கவேண்டும். றிம்மோடு நிற்காமல் சில் பிளேற், ஜொயிஸ்ற் முனைகள், மேலே இருக்கிற பிளைவூட் எல்லாவற்றையும் குத்திப் பார்க்கவேண்டும். மரத்தூள் மாதிரிக் குவியல் கண்டால் தச்செறும்பு. சுவரில் மண்ணாலான குழாய்க் கோடுகள் கண்டால் கறையான். ரொறன்ரோவின் சில பகுதிகளில் கறையான் நெடுங்காலமாகவே இருக்கிறது. ஃபோம் அடித்த பிறகு அந்தக் கோடுகளைப் பார்க்கவே முடியாது.

பிறகு தாங்கல். சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, ஜொயிஸ்ற்றுகளுக்குக் குறுக்கே ஒரு பீமை வைத்து, ஜாக் போஸ்ற்றுகளால் (திருகி உயர்த்துகிற இரும்புத் தூண்கள்) முட்டுக் கொடுக்கவேண்டும். பழைய பேஸ்மென்ற்றுகளின் கொங்கிறீற்றுத் தளம் பல இடங்களில் மெல்லியது. போஸ்ற்றின் அடியில் தடித்த பலகை போடாமல் இறுக்கினால் தளம் வெடிக்கும். ஜாக் இறுக்குவது பாரத்தை ஏற்றுக்கொள்வதற்கு மட்டும்தான். நிலத்தைத் தூக்கி நேராக்கப் பார்த்தால் மேலே சுவரில் அடித்திருக்கிற ட்றைவோல் பலகை வெடிக்கும், கதவுகள் சிக்கும். அறுபது வருடமாக இறங்கி உட்கார்ந்த வீட்டை ஒரு பின்னேரத்தில் தூக்க முடியாது.

வெளியில் செங்கல் இருப்பதால் றிம்மை உள்ளேயிருந்து துண்டு துண்டாகத்தான் மாற்றவேண்டியிருக்கும். உக்கிய துண்டை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்து, ஜொயிஸ்ற்றுகளுக்கு இடையில் புது மரத்தைப் பொருத்துவார்கள். சில் பிளேற் உக்கியிருந்தால் அதற்கு மருந்தேற்றிய பிறஷர்-றீற்றட் மரம் போட்டு, கொங்கிறீற்றுக்கும் அதற்கும் இடையில் ஃபோம் பட்டை வைக்கவேண்டும். அந்த மரத்துக்குச் சாதாரண ஆணி ஆகாது, மருந்து அதை அரித்துவிடும். துத்தநாகம் பூசிய ஆணிதான் வேண்டும். பழைய சில் பிளேற்றைப் பிடித்திருக்கிற அங்கர் போல்ற்றை வெட்டி எறிந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதை விடாதீர்கள். வெட்டினால் புதியதைக் கொங்கிறீற்றில் துளைத்து வைக்கவேண்டும்.

ஜொயிஸ்ற் முனை உக்கியிருந்தால் பக்கத்தில் இன்னொரு ஜொயிஸ்ற்றைச் சேர்த்துப் பூட்டுவார்கள். அதே உயரமுள்ள மரம், உலர்ந்த மரம். ஒரு பக்கம் சில் பிளேற்றிலும் மறுபக்கம் வீட்டின் நடுவில் ஓடுகிற பீமிலும் உட்காரும்படி முழு நீளத்துக்குப் போடுவதுதான் நல்லது. குழாய்களும் வயரும் மறித்தால் குட்டையாகப் போடத்தான் வேண்டும். அப்போது நல்ல மரத்தோடு குறைந்தது மூன்று நான்கு அடியாவது ஒட்டி ஓடவேண்டும், எத்தனை ஆணி என்பதைப் பொறியியலாளர் சொல்லட்டும். முனை சில் பிளேற்றில் குறைந்தது ஒன்றரை அங்குலம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது கட்டட விதி. கதவு அகலம் மூன்று அடி என்றால் இரண்டு மூன்று ஜொயிஸ்ற்றுகள்தான் பாதிக்கப்பட்டிருக்கும், பயப்படவேண்டாம். பாரம் தாங்குகிற மரத்தை மாற்றுவதற்கு மாநகரசபையின் பெர்மிற் வேண்டும். "சின்ன வேலை, பெர்மிற் தேவையில்லை" என்று சொல்கிற ஆளை அந்த இடத்திலேயே அனுப்பிவிடுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போதும், காப்புறுதிக்காரர் கேட்கும்போதும் அந்தத் தாள் உங்களுக்குத் தேவைப்படும்.

நிலம் ஆடுவதற்கு உக்கல் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். குசினிக்குக் கீழே குழாய் வேலை செய்தவர்கள் ஜொயிஸ்ற்றின் அடிப்பக்கத்தைக் கொத்தி வெட்டியிருக்கலாம். ஜொயிஸ்ற்றில் துளை போடலாம், அதன் உயரத்தில் காற்பங்குக்கு மேற்படாமல், ஓரத்திலிருந்து இரண்டு அங்குலமாவது உள்ளே தள்ளி. அடி ஓரத்தை வெட்டவே கூடாது. அங்கேதான் மரம் இழுபடுகிறது. அப்படி வெட்டிய ஜொயிஸ்ற் கண்டால் அதே பெர்மிற்றில் அதையும் சேர்த்துத் திருத்துங்கள்.

மரம் மாற்றி, டெக்கும் கதவும் பீலியும் சரியாக்கிய பிறகு, அவசரப்படாமல் உலர விடுங்கள். ஈரமானியை மரத்தில் குத்திப் பார்த்து, 19 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் மூடலாம். ஒரு மழைக்காவது அந்த இடத்தைத் திறந்து வைத்துக் கவனிப்பது நல்லது. இளவேனிலில் திருத்தி, கோடையில் உலரவிட்டு, இலையுதிர் காலத்தில் இன்சுலேசன் செய்வது நல்ல ஒழுங்கு. கோடையில் பேஸ்மென்ற்றில் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிடுங்கள்.

இன்சுலேசனுக்கு இரண்டு வழி உண்டு. பாரம் தாங்குகிற மரவேலையை உங்கள் கணவர் தொடவேண்டாம். அவர் கையால் செய்யக்கூடிய வேலை இதுதான். இரண்டங்குலத் தடிப்புள்ள விறைப்பான ஃபோம் பலகை, எக்ஸ்பிஎஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள், ஒரு அங்குலத்துக்கு ஆர்-5. ஜொயிஸ்ற்றுகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் அளவெடுத்து, சுற்றிவரக் காலங்குல இடைவெளி விட்டு வெட்டி, றிம்மோடு ஒட்ட வைத்து, நான்கு ஓரத்தையும் ரின்னில் வருகிற ஃபோமால் நிரப்பவேண்டும். காற்றை மறிப்பது பலகை அல்ல, அந்த ஓரத்து ஃபோம்தான். ஒரு மூலையை விட்டால் முழுப் பெட்டியும் வீண். அதன்மேல் இன்னொரு இரண்டங்குலம் வைத்தால் ஆர்-20 கிடைக்கும். ஒரு அடுக்கோடு நிறுத்திவிட்டு மேலே தடிப்பாகப் பிங்க் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், மெல்லிய ஃபோமுக்கு முன்னால் தடித்த பிங்க் இருந்தால் ஃபோமின் முகமே குளிர்ந்து, அதில் தண்ணீர் படியும். ஜொயிஸ்ற்றுக்குச் சமாந்தரமாக ஓடுகிற இரண்டு பக்கங்களில் கடைசி இடைவெளி ஒடுங்கியதாக இருக்கும், கை நுழையாது. அங்கேதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்துக்கு மட்டும் ஸ்ப்ரே ஃபோம் ஆளைக் கூப்பிட்டாலும் குற்றமில்லை.

மற்ற வழி, முழுதாக ஸ்ப்ரே ஃபோம். மூடிய துளை வகை, ஒரு அங்குலத்துக்கு ஆர்-6 அளவு. உலர்ந்த, நல்ல மரத்தில் அடித்தால் அதைவிட நன்றாகக் காற்றை மறிக்கிற பொருள் இல்லை. உங்கள் கொன்றாக்ரர் சொன்ன பொருளில் குறை இல்லை, அவர் சொன்ன வரிசைதான் பிழை. கனடாவில் அதை அடிக்கிறவர் அதற்குரிய சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவையில் இரண்டங்குலத்துக்கு மேல் அடிக்கக் கூடாது. இறுகும்போது அது சூடாகும், தடிப்பாக அடித்தால் உள்ளே கருகி நாற்றம் நிற்கும். அடிக்கிற நாளும் மறுநாளும் அம்மா உட்பட எல்லோரும் வேறு வீட்டில் இருங்கள்.

எந்த ஃபோமாக இருந்தாலும் திறந்தபடி விடாதீர்கள். எரிந்தால் நச்சுப்புகை வரும். ஆட்கள் வாழ்கிற இடத்திலிருந்து அது ட்றைவோல் போன்ற ஒன்றால் மறைக்கப்பட வேண்டும் என்று ஒன்ராறியோ கட்டட விதி சொல்கிறது. நீங்கள் கழற்றிய சீலிங் ரைல் அதற்குப் போதாது. உங்கள் இன்ஸ்பெக்ரர் எதை ஏற்றுக்கொள்வார் என்று முதலே கேளுங்கள்.

அத்திவாரம் கொங்கிறீற்றுக் கட்டிகளால் அடுக்கியதா என்றும் பாருங்கள். கட்டிகளின் நடுவில் பொந்து இருக்கும். மேல்வரிசையின் பொந்து திறந்திருந்தால் குளிர்காற்று அதற்குள்ளால் ஏறி வந்து சில் பிளேற்றின் அடியில் கொட்டும். றிம்மை எவ்வளவு அடைத்தாலும் அது நிற்காது, பொந்துகளையும் ஃபோம் துண்டு வைத்து அடைக்கவேண்டும். எலி வந்துபோகிற ஓட்டை கண்டால் முதலில் செப்புக் கம்பிவலையைத் திணித்துவிட்டு அதன்மேல் ஃபோம் அடியுங்கள், வெறும் ஃபோமை எலி கடித்துவிடும். பழைய சூட்டுக்குழாய் இணைப்புகளில் வெள்ளைக் காகிதம் மாதிரி ஒட்டியிருக்கிற பட்டையில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். கிழிக்காதீர்கள், ஆய்வுகூடத்தில் சோதித்து முடிவு வரும்வரை அந்தப் பக்கம் கை வைக்கவேண்டாம்.

கடைசியாக ஒன்றை, அம்மா கீழே படுக்கிறா என்பதால், மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் அருகில், வெளியிலிருந்து வந்து தரைக்குச் சற்று மேலே முடிகிற ஒரு குழாய் இருக்கலாம். சில வீடுகளில் அதன் நுனி ஒரு வாளிக்குள் இருக்கும். அதனால் குளிர்காற்று வருகிறது என்று துணியாலும் பிங்க்காலும் அடைத்து வைத்திருப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அது நெருப்புக்குக் காற்றுக் கொடுக்கிற குழாய். ஃபேர்னஸ் அல்லது சுடுதண்ணீர்த் தாங்கி அறைக் காற்றை எடுத்து எரித்து, புகையைப் புகைபோக்கிக்கு விடுகிற பழைய வகை என்றால், இதுவரை றிம்மின் நீக்கல்களும் அதற்குக் காற்றுக் கொடுத்து வந்தன. அவற்றை அடைத்து, புதிதாகக் குசினி ஃபானையும் போட்டால், புகை மேலே போகாமல் திரும்பி அறைக்குள் இறங்கலாம். அதில் இருக்கிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வேலை முடிந்ததும் அனுமதி பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பவியலாளரைக் கூப்பிட்டு, எல்லா ஃபானையும் ட்றையரையும் ஓடவிட்டு, புகை சரியாக இழுபடுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அம்மாவின் படுக்கையறைக்குப் பக்கத்திலும் மேலே உங்கள் அறைகளுக்குப் பக்கத்திலும் கார்பன் மொனொக்சைட் அலாரம் வேண்டும். ஒன்ராறியோவில் அது சட்டமும்தான். ஏற்கெனவே இருந்தால் அதன் பின்புறத்தில் அடித்திருக்கிற காலாவதித் திகதியை இன்றைக்கே பாருங்கள்.

பின்கதவு வழியாகக் கனமான சாமான் எதையும் கொண்டுவராதீர்கள். தாங்கல் கொடுக்கும்வரை அந்தக் கதவுப் பக்கம் குளிர்சாதனப் பெட்டி நின்றால் நடு பீமுக்கு மேலாக நகர்த்தி வையுங்கள். டெக்கிலும் ஆட்கள் கூடி நிற்கவேண்டாம். அதைப் பிடித்திருக்கிற போல்ற்றுகள் இறுகியிருப்பதும் நீங்கள் குத்திப் பார்த்த அதே உக்கிய மரத்தில்தான்.